சனிக்கிழமைப் பாத்திகள்

எங்கள் முதல் பாத்தியைச் சாகடித்தவள் நான்தான். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பின்புறத்தில், சிற்றுண்டிச்சாலைச் சுவருக்கும் கம்பி வேலிக்கும் நடுவே வெகுநாளாகப் புல் மண்டிக் கிடந்த நீள நிலத்தில், நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் மிளகாய் நாற்று நட்டோம். நட்ட நான்காம் நாள் இலைகளின் ஓரம் பழுப்பேறியது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது நாற்றுகளெல்லாம் யாரோ தீக்குச்சி காட்டியதுபோல் கருகி நின்றன. "யாரு டீச்சர் இதச் சாகடிச்சது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இடைநிலைப்பள்ளியில் 28 ஆண்டுகள் அறிவியல் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். அம்மோனியாவைப் பற்றி எத்தனையோ சமன்பாடுகளைப் பலகையில் எழுதியிருக்கிறேன். ஆயினும் கோழிப்பண்ணையிலிருந்து வந்த ஈரம் காயாத எருவை இரண்டு மூட்டை கொட்டிக் கிளறி, மறுநாளே அதில் நாற்று நட்டால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பாத்திக்கென்று வாங்கி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தச் சிறுமி எழுதிய வரி இன்னும் இருக்கிறது: "டீச்சர் எருவை மக்க விடவில்லை. 32 செடி செத்தது."

அந்த ஒரு வரியிலிருந்துதான் எங்கள் சனிக்கிழமை வகுப்பின் முறை பிறந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு நோட்டு; அந்தப் பாத்திக்குரிய மூன்று நான்கு பிள்ளைகளைத் தவிர வேறு யாரும், என்னையும் சேர்த்து, அதில் எழுதக் கூடாது. என்ன செய்தோம், என்ன நடந்தது என்பவை மட்டும் தேதியுடன் இருக்க வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. பாத்தி பட்டுப்போனால் பட்டுப்போனது என்றுதான் எழுத வேண்டும். அதை மூடி மறைக்க நாற்றுப்பண்ணையிலிருந்து புதுச் செடி வாங்கி வந்து சொருகுவது கிடையாது. இந்தக் கடைசி விதியை நான் பிடிவாதமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பணியில் இருந்த காலத்தில் பள்ளித் தோட்டப் போட்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். நீதிபதிகள் வருவதற்கு முந்தின நாள் மாலை லாரியில் பூச்சட்டிகள் வந்திறங்கும்; பழைய டயர்களுக்கு மஞ்சளும் நீலமும் பூசுவார்கள்; செடிகளின் பெயர்ப்பலகைகளை ஆசிரியர்களே இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுவார்கள். பரிசு கிடைக்கும், படமும் எடுப்பார்கள். அடுத்த பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும்போது சட்டிகளில் காய்ந்த குச்சிகள் நிற்கும். அதைப் பற்றிப் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது அவர்களுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை.

என் அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. ஒரு முறைகூட எங்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டால், "மண்ண நான் பாத்தது போதும், நீ போய்ட்டு வா" என்பார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதிலிருந்து பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, இருட்டிலேயே நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடியவர். விடிவதற்கு முன்பே வெட்ட வேண்டும் என்பதன் காரணத்தை நான் பாடநூலில் படித்தேன்: வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியே விடுவதால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவதும் குறைந்துவிடும். அம்மா அதையே, "வெயில் வந்தா மரம் பால இழுத்துக்கும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். அவர் நேரில் வராவிட்டாலும், நான் கைப்பேசியில் எடுத்து வரும் படங்களை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். முதல் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி, "வாய்க்கா எங்கம்மா?" என்பது. நாங்கள் பலகையால் கரை கட்டி, தரையோடு தரையாகப் பாத்தி போட்டிருந்தோம். அந்த ஆண்டு அக்டோபர் மழையில் அது குட்டையானது, கங்கோங் கீரையைத் தவிர எல்லாம் அழுகின. வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே இரு பக்கமும் ஏற்றி, முழங்கால் உயரத்தில் பாதியளவுக்கு மேட்டுப்பாத்தி ஆக்கிய பிறகுதான் வெண்டைக்கும் பயித்தங்காய்க்கும் வேர் பிடித்தது.

மண்ணைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட நிலம் என்பது பெரும்பாலும் நிலமே அல்ல. எஸ்டேட்டிலிருந்த பள்ளியைத் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிக் கட்டியபோது சதுப்பாகக் கிடந்த இடத்தில் செம்மண்ணையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் மண்வெட்டி போட்ட முதல் நாளில் கிடைத்தவை ஓட்டுச் சில்லுகள், ஆணிகள், ஒரு குழாய் மூட்டு, சிமெண்டுக் கட்டிகள். அவற்றை ஒரு வாளியில் சேர்த்து எடை போட்டோம். பிறகு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதித் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி, நிழலில் வைத்தோம். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடுகிறது. வண்டல் இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. களிமண்ணோ மறுநாள் வரைக்கும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. பள்ளி மண் போத்தலில் களி பாதிக்கு மேல் நின்றது. வேலியோரத்து மாமரத்தடியில் இலை உதிர்ந்து உதிர்ந்து மக்கிய இடத்து மண்ணை எடுத்த போத்தலில் மேலே கறுப்பாக ஒரு படலம் மிதந்தது. "இது அழுக்கா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அதுதான் மக்கு, அதைத்தான் நாம் இனி உண்டாக்கப் போகிறோம் என்றேன். களிமண், வண்டல், மணல் என்ற மூன்று சொற்களை அறிவியல் நூலில் படித்து மனப்பாடம் செய்த பிள்ளைகள்தாம் அவர்கள். தேர்வில் படம் வரைந்து பெயர் குறிப்பவர்கள். போத்தலைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் முகத்தில் கண்டதை 28 ஆண்டுகளில் என் வகுப்பறையில் நான் அதிகம் கண்டதில்லை என்பதைச் சற்றுக் கூச்சத்துடன்தான் எழுதுகிறேன்.

மக்கு உண்டாக்கும் வேலையில் என் கோழி எருவுக்கும் ஒரு வழி பிறந்தது. மூன்று கூடை காய்ந்த சருகுக்கு ஒரு கூடை எருவும் சிற்றுண்டிச்சாலைக் காய்கறிக் கழிவும் என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, நெஞ்சளவு உயரத்துக்குக் குவித்தோம். நான்கு நாள் கழித்து அதன் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவன் கையை உதறிக்கொண்டு கத்தினான். நன்றாக அமைந்த குவியலின் உள்ளே 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறும். நெருப்பு இல்லாமல் சூடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சாப்பிட்டு மூச்சு விடுகிற சூடு அது என்று விடை சொன்னபோது, நம்பாமல் என்னைப் பார்த்தார்கள். மழைக்குப் பின் ஒரு காலையில் குவியலைக் கிளறியபோது ஆவி எழுந்தது. அதன் பிறகு நம்பினார்கள்.

பள்ளியின் நடைபாதைச் சுவரில் பழமொழிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆடிப்பட்டம் தேடி விதை. ஆடி எப்போது வரும், நாமும் அப்போதுதான் விதைக்க வேண்டுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி, அதற்கு நான் உடனே விடை சொல்லவில்லை. போத்தலின் மேற்பகுதியை அறுத்துத் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவு ஒட்டி, மழைமானி ஒன்று செய்து வைத்தோம். ஓர் ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும் அவர்களே வரைந்த கோட்டுப் படத்தில் தெரிந்தது பினாங்கின் வானம்: ஜனவரி, பிப்ரவரியில் வறட்சி, ஏப்ரல், மே மாதங்களில் ஓர் ஏற்றம், செப்டம்பர், அக்டோபரில் அதைவிடப் பெரிய ஏற்றம். பழமொழி தமிழ்நாட்டு ஆடி மாதத்தை நினைத்துச் சொன்னது. இங்கே வடக்கில் நெல் விதைக்கிறவர்களுக்குப் பட்டத்தைத் தீர்மானிப்பது பாசனத் தண்ணீர் திறந்துவிடும் அட்டவணை. கெடாவின் மூடா பாசனப் பகுதியில் பெடு, மூடா, ஆனிங் அணைகளின் நீர் ஆண்டுக்கு இரண்டு போகத்தை நடத்துகிறது. பழமொழியில் தவறில்லை, அது கப்பலேறி வந்தபோது வானத்தையும் கூட்டிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான். ஆயினும் 'தேடி' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் மழைமானியோடு செய்தது அந்தத் தேடலைத்தானே.

மரபிலிருந்து வந்ததெல்லாம் இங்கே பொருந்தாது என்று இதற்குப் பொருள் இல்லை. பச்சைப்பயறு முளைகட்டும் வகுப்பில், ஒரு சிறுமி தன் பாட்டி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பற்றிச் சொன்னாள். பாட்டி அதை இருட்டறையில் வைத்துப் பூட்டிவிடுவாராம், யாரையும் எட்டிப் பார்க்க விடமாட்டாராம், வெளிச்சம் பட்டால் சாமிக்கு ஆகாதாம். சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டு சட்டிகளில் ஒரே அளவு பயறு ஊன்றி, ஒன்றை அட்டைப் பெட்டிக்குள்ளும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் வைத்தோம். ஒரு வாரத்தில் பெட்டிக்குள் இருந்தது இரண்டு மடங்கு உயரம். வெளிர் மஞ்சளாய், மெல்லியதாய், தலை கவிழ்ந்து, கோயிலில் பார்ப்பது போலவே இருந்தது. சன்னலோரத்துச் சட்டி குட்டையாகவும் பச்சையாகவும் நின்றது. ஒளியைத் தேடும் செடி, இலையைப் பெருக்காமல் தண்டை நீட்டுவதிலேயே விதையில் இருக்கும் சேமிப்பைச் செலவழிக்கிறது; அதே செடியை வெளிச்சத்தில் வைத்தால் ஓரிரு நாளில் பச்சை ஏறிவிடுகிறது. அழகான முளைப்பாரிக்கு இருட்டு வேண்டும் என்பதைப் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். காரணத்தைச் சாமியின் பேரில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறுமி வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். "அது எனக்குத் தெரியாதா?" என்றாராம் பாட்டி.

கறிவேப்பிலைச் செடியில்தான் எங்களுக்குப் பெரிய சிக்கல் வந்தது. இலையின் மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் தட்டிவிடப் போனவனைத் தடுத்து, உருப்பெருக்கியைக் கொடுத்தேன். எச்சத்துக்குக் கால்கள் இருந்தன. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்னும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சிறு வயதில் எச்சம் போலவும், முதிர்ந்ததும் பச்சையாகவும் இருக்கும். முதுகை மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும். அதிலிருந்து அழுகிய எலுமிச்சைத் தோல் போல ஒரு நெடி வரும். அன்று மாலைக்குள் அந்தப் பதினான்கு பேரும் அதைத் தொட்டு முகர்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு புழு நாளொன்றுக்கு எத்தனை இலை தின்கிறது என்று எண்ணியபோது, செடி பிழைக்காது என்று தெரிந்தது. சண்டை வந்தது. கடைசியில் ஒரு செடியைப் புழுக்களுக்கு விட்டுவிட்டு, மற்றதன் மேல் வலை கட்டுவது என்று முடிவாயிற்று. கூட்டுப்புழு இரண்டை இலைக்காம்போடு வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் வைத்தோம். பத்து நாளில் ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி வந்தது. மற்றொன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு சிறு குளவிகள், கடுகை விடச் சிறியவை, சின்ன ஓட்டை போட்டு வரிசையாக வெளியே வந்தன. தாய்க்குளவி முன்பே உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. ஒருத்தி அழுதாள். அவளைத் தேற்ற எனக்குச் சொல் கிடைக்கவில்லை, நான் தேற்றவும் முயலவில்லை. குளவிகளையும் எண்ணி நோட்டில் எழுதினார்கள்.

பிள்ளைகளை மண்ணில் இறக்குவதில் அச்சப்பட வேண்டியவற்றுக்கு அஞ்சத்தான் வேண்டும், அதை மழுப்பி எழுதுவது எனக்குப் பிடிக்காது. எலி நடமாடும் ஈர மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமியும், வடமலேசிய வயல் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவும் உண்டு. ஆகவே கையிலோ காலிலோ புண் உள்ளவர்கள் அன்று எழுத்து வேலை மட்டும் செய்வார்கள், மற்றவர்கள் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிந்துதான் இறங்குவார்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை வெறுங்கையால் தொடக் கூடாது, அவற்றில் எலியின் நுரையீரல் புழு இருக்கக்கூடும். இடுக்கியால் பிடித்து உப்புத் தண்ணீரில் போடுவது பெரியவர்கள் வேலை. கடையில் வாங்கும் விதைகள் சில இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் பூஞ்சைக்கொல்லி பூசி வருகின்றன. அவற்றைச் சாயம் என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூவாளி, வாளி, சட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். டிங்கிக் கொசுவுக்கு முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஒரு வாரமோ பத்து நாளோ போதும், எங்கள் வகுப்போ வாரத்துக்கு ஒரு முறைதான்.

இதைவிடக் கடினமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ஒரு நாள் ஒரு தந்தை என்னிடம் வந்து, மரியாதையாகத்தான், கேட்டார்: "டீச்சர், எங்கப்பா தோட்டத்துல கஷ்டப்பட்டதே நாங்க அதுலேர்ந்து வெளிய வரத்தான். இப்ப என் பிள்ளைய மறுபடியும் மண்வெட்டி பிடிக்கச் சொல்றீங்களே?" ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு சனிக்கிழமைகள் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தன என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், உண்மையில் அந்த இடத்தை டியூசன் நிரப்பிவிட்டது. அவருக்கு இது வீணான நேரம் என்பது மட்டும் அல்ல வருத்தம். நம்மவர்களுக்கு மண்வேலையோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் நினைவு ஒட்டிக்கொண்டு வருகிறது. என் பள்ளிக்காலத்தில்கூடப் புல் பிடுங்குவது தண்டனை. 1974இல் அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெறும் நிலத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்று நாட்டுக்குச் சொன்ன பிறகு, எங்கள் தோட்டப் பள்ளியிலும் பயித்தங்காய்ப் பந்தல் போட்டார்கள். தண்ணீர் ஊற்றியது நாங்கள். காய் யார் வீட்டுக்குப் போனது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. பயித்தங்காய் எத்தனை நாளில் காய்க்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து.

ஆகவே அந்தத் தந்தைக்கு நான் வாதாடி விடை சொல்லவில்லை. உழவராக்குவதற்காக இதைச் செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். ஒரு பயித்தஞ்செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, வேரில் மிளகளவு தொங்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளி அவரிடம் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடு அது; அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருள் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சு உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். அவர் பார்த்தார், தலையாட்டினார். மனம் மாறினார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் மாறவில்லை. மகனை அனுப்புகிறார், வகுப்பு முடியும் வரை வேலிக்கு வெளியே காரில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்து நியாயத்தை நான் மதிக்கிறேன். என் அம்மாவும் அதே கட்சிதான்.

ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து எடுத்துக்கொண்டு பினாங்குத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவுக்குப் போவோம். அங்கே ஜாதிக்காய் மரம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1790களிலிருந்து மலுக்குத் தீவுகளின் நாற்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் பரப்பியது இந்த மரத்தைத்தான். ஊறப்போட்ட ஜாதிக்காய்த் துண்டுகளும் பானமும் இன்றும் தீவின் அடையாளம். பழத்தைப் பிளந்ததும் கறுப்புக் கொட்டையைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலை போலப் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியைக் கண்டு, பிளாஸ்டிக் என்று நினைத்துச் சுரண்டியவர்கள் உண்டு. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, விதையிலிருந்து வளர்த்தால் ஆறேழு ஆண்டு கழித்துப் பூக்கும்போதுதான் எது எது என்று தெரியும் என்று தோட்டக்காரர் சொன்னதும், "அப்ப ஏழு வருசம் தண்ணி ஊத்திட்டு ஆண் மரமா இருந்தா?" என்று கேட்டான் எங்கள் பையன் ஒருவன். வெட்டுவோம், ஒட்டுப் போடுவோம், பத்துக்கு ஒன்று மகரந்தத்துக்காக விடுவோம் என்றார் அவர், இயல்பாக.

ஆனால் எங்கள் பிள்ளைகளை அதிகம் அசைத்தது அங்கிருந்த நெல்வயல்தான். வயலைப் பார்த்துக்கொள்ளும், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர், தமக்கு மூன்று ரெலோங் நிலம் இருப்பதாகச் சொன்னார். ரெலோங் என்பது பினாங்கு, கெடா பக்கத்து நில அளவு, முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தேன். ஹெக்டேருக்கு 4 டன் நெல் விளைகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம். உமியும் தவிடும் போக அரிசி 260 கிராம் தேறும். நம் நாட்டில் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கிலோ அரிசி சாப்பிடுகிறார். அப்படியானால் எனக்கு எவ்வளவு வயல் வேண்டும்? 308 சதுர மீட்டர் என்று விடை வந்தது. அது எவ்வளவு என்று யாருக்கும் புரியவில்லை. பூப்பந்துத் திடலின் அளவை அவர்களுக்குத் தெரியும், 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். பெருக்கி வகுத்தார்கள்: ஆளுக்கு நான்கு திடல், இரண்டு போகம் விளைந்தால் இரண்டு திடல். உடனே ஒருவன் எழுந்து வரப்பில் காலடி எண்ணி நடந்து, தன் இரண்டு திடலை அடையாளம் வைத்துவிட்டு வந்து, "பாக்சிக், இது என் சோறு" என்றான் மலாயில். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பும் வழியில் பேருந்தில் கொடுத்த நாசி லெமாக்கில் அன்று யாரும் சோற்றை மீதி வைக்கவில்லை. மறுவாரம் வழக்கம்போல் வைத்தார்கள்.

பள்ளி விடுமுறைதான் எல்லாப் பள்ளித் தோட்டங்களுக்கும் எமன். நாங்கள் முதல் ஆண்டில் தண்ணீர் ஊற்றப் பெயர்ப்பட்டியல் போட்டோம்; இரண்டு வாரத்தில் பட்டியலில் இருந்தவர்கள் பாதிப்பேர் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது விடுமுறைக்கு முன் கீரை வகைகளை அறுத்து முடித்துவிட்டு, கவனிப்பார் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை மூன்றையும் ஊன்றிவிட்டுப் போகிறோம். நிலக்கடலையை வீட்டில் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். கச்சான் எந்தக் கிளையில் காய்க்கும் என்று கேட்டால், பிள்ளைகள் அவரைக்காய் போலத் தொங்கும் என்றுதான் வரைகிறார்கள். மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே போய்க் காய்க்கிறது என்பதை மண்ணோடு முகம் வைத்துப் படுத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். அப்படிப் படுத்துப் பார்த்தார்கள். சட்டையெல்லாம் செம்மண். அன்று மட்டும் அம்மாமார்கள் சிலரிடம் நான் திட்டு வாங்கினேன்.

பிடுங்கலாமா, பிடுங்கலாமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்கள். நூறு நாளாவது ஆகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை மூன்றாம் பாத்தியின் ஓரத்தில் ஒரு செடி மட்டும் சற்றே சாய்ந்து, அதன் அடிமண் புதிதாய்க் கிளறி உள்ளங்கையால் தட்டி மூடியதுபோல் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டினேன். காரில் காத்திருக்கும் தந்தையின் மகனுடைய கையெழுத்து: "61ஆம் நாள். ஒரு செடியை மட்டும் தோண்டிப் பார்த்தேன். பிஞ்சு, கடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது. திரும்ப மூடிவிட்டேன். டீச்சருக்குத் தெரியாது."